கருப்பரிசிச் சந்தகையும் ஒரு சொட்டு அயோடினும்

கடந்த ஞாயிறு காலை, பதினோராவது முறையாக அவித்த மாவு, நாழியில் அழுந்தி, அறுபடாத, ஒன்றோடொன்று ஒட்டாத ஊதா நிறச் சந்தகையாக (அவித்த மாவில் பிழியும் இடியாப்பம்) தட்டில் இறங்கியது. ஒரு நாள் குளிரில் வைத்து, மறுபடி ஆவியில் சூடாக்கி, அதிலிருந்து எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சோதித்தபோது, செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து உலர் எடையில் நூறு கிராமுக்கு 1.9 கிராம் என்று வந்தது. மூன்று குழாய்களில் தனித்தனியாகச் செய்தும் எண் பெரிதாக மாறவில்லை. இதற்கு நான்கரை மாதம் ஆயிற்று. அதில் ஐந்து வாரம், அரிசியின் தன்மையைக் கேட்காமலேயே வேலையைத் தொடங்கியதால் வீணானது. அந்த ஐந்து வாரத்தைத்தான் முதலில் விரிவாக எழுத விரும்புகிறேன்.

நான் உணவு வேதியியல் ஆய்வாளர். தானியங்களின் மாவுச்சத்தும் அவற்றின் நிறமிகளும் என் அன்றாட வேலை. இருந்தாலும் இந்த முயற்சி வீட்டில் பிறந்தது. என் அத்தைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. வெள்ளை இடியாப்பத்தை விட மனமும் இல்லை, அளவோடு நிறுத்த முடிவதும் இல்லை. கருப்பரிசியின் ஆந்தோசயனின் நிறமி முடிந்தவரை அழியாமலும், மாவுச்சத்தின் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் தப்பும்படியும் ஓர் இடியாப்பம் செய்ய முடியுமா என்பதே கேள்வி. ஆய்வகத்தில் தயாரித்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதால், ஊறவைப்பது முதல் பிழிவது வரை எல்லாம் சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் நடந்தது. அளப்பதற்கு மட்டும் மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின, அங்கிருந்து எதுவும் திரும்பவில்லை.

அரிசியைச் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வாங்கினேன். கிலோ 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 50 காசு. பையைப் பார்த்ததுமே அத்தை, "கவுனி ஒட்டும்மா, எங்க ஊர்ல அதை இனிப்புக்குத்தான் போடுவாங்க" என்றார்கள். அவர்கள் காரைக்குடிக்காரர், கவுனி அரிசியைச் சர்க்கரையும் தேங்காயும் சேர்த்துக் கிண்டிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இங்கே புளுட் ஹித்தாம் என்று தேங்காய்ப்பால் விட்டுத் தரும் கஞ்சியும் கருப்பு ஒட்டரிசியில் செய்வதுதான். இரண்டையும் அறிந்திருந்தும், ஒட்டும் என்ற சொல்லுக்குள் இருந்த வேதியியலை நான் கவனிக்கவில்லை. அது பக்குவத்தைப் பற்றிய பேச்சு என்று எண்ணிக் கடந்துவிட்டேன்.

முதல் நான்கு தொகுதிகளும் தனிக் கருப்பரிசி. கழுவி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, வறுத்து, கொதிநீர் விட்டுப் பிசைந்தேன். மாவு கையில் பசைபோல் இழுத்தது. நாழியின் துளைகளில் பாதி அடைத்துக்கொண்டன. மீதித் துளைகளில் வந்த இழைகள் தட்டில் விழுந்ததும் ஒன்றாகி, அவிந்த பிறகு ஓர் அடையாகவே எடுக்க முடிந்தது. தண்ணீரைக் குறைத்தால் இழை முறிந்தது, கூட்டினால் ஒட்டியது. குளிரில் வைத்தால் மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாகும், ஒட்டுவதும் அதனுடன் குறையும் என்று எதிர்பார்த்து, ஒவ்வொரு தொகுதியையும் குறைந்தது 24 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மறுநாளும் அது மெத்தென்றே இருந்தது.

எதிர்ப்பு மாவுச்சத்தை அளக்கும் முறை நீளமானது. உறைநிலையில் உலர்த்திப் பொடித்த மாதிரியில் 100 மில்லிகிராம் எடுத்து, மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளான கணைய அமைலேஸும் அமைலோகுளுக்கோசிடேஸும் கலந்த கரைசலை 4 மில்லிலிட்டர் சேர்த்து, 37 டிகிரியில் 16 மணி நேரம் குலுக்க வேண்டும். செரிக்கக்கூடியது கரைந்துபோகும், எத்தனால் சேர்த்து மையவிலக்கியில் சுற்றினால் செரிக்காதது அடியில் தங்கும். அதை 50 விழுக்காட்டு எத்தனாலில் இருமுறை கழுவி, பனிக்கட்டியில் வைத்த குழாயில் 2 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கரைத்து, அசிட்டேட் தாங்கல் கரைசல் (அமிலத்தன்மையை நிலையாக வைப்பது) சேர்த்து, நொதியால் குளுக்கோஸாக உடைத்து, நிறம் தோற்றுவிக்கும் வினைபொருளோடு 510 நானோமீட்டரில் அளக்க வேண்டும். ஒரு தொகுதிக்கு இரண்டு நாள் போய்விடும்.

முதல் ஓட்டத்தில் நூற்றுக்கு 3.8 என்று வந்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அளவு தெரிந்த ஒப்பீட்டு மாவும் அதன் உண்மையான மதிப்பைவிட மிக அதிகமாகக் காட்டியிருந்தது. அதைக் கவனிக்க ஒரு நாள் தாமதித்தேன். காரணம் குழாய்களை நான் குலுக்கும் நீர்த்தொட்டியில் செங்குத்தாக நிறுத்தியதுதான். மாவு அடியில் படிந்துவிட, நொதி அதை எட்டவே இல்லை. குழாய்களைப் படுக்க வைத்து, தொட்டி அசையும் திசைக்கு இணையாக அடுக்கிய பிறகு ஒப்பீட்டு மாவு சரியான எண்ணைத் தந்தது. என் இடியாப்பம் 0.6க்கு இறங்கியது.

அந்த 0.6இலும் ஒரு பிழை இருந்தது. கருப்பரிசியின் எச்சம் காரத்தில் கரைந்தபோது இளம் பழுப்பு நிறம் காட்டியது. நாம் குளுக்கோஸை அறிவது நிறத்தின் மூலம். மாதிரியே நிறம் கொண்டிருந்தால் கருவி அதையும் குளுக்கோஸாகவே எண்ணும். வினைபொருளுக்குப் பதிலாக வெறும் தாங்கல் கரைசல் சேர்த்து ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் இணைக்குழாய் வைத்து அளந்தேன். மொத்த ஒளி உட்கவர்வு 0.07, அதில் 0.02 நிறமியுடையது. அதைக் கழித்துக் கணக்கிட்டதில் எதிர்ப்பு மாவுச்சத்து 0.6இலிருந்து 0.44 ஆனது. வெள்ளை அரிசியில் இந்தத் திருத்தம் தேவைப்படாது. எண் சிறிதாக இருக்கும் நிறமுள்ள தானியத்தில் இதைச் செய்யாவிட்டால் கால் பங்குக்கு மேல் கற்பனையாகிவிடும். சூடாக அவித்ததும் எடுத்த மாதிரி 0.3, ஒரு நாள் குளிர்ந்தது 0.44. குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம் வைத்தும் ஏறத்தாழ எதுவும் நிகழவில்லை.

வெப்பநிலைதான் காரணம் என்று நினைத்தேன். சிம் லிம் டவரில் 38 வெள்ளிக்குப் பதிவு செய்யும் வெப்பமானி ஒன்றை வாங்கி, வீட்டுப் பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் ஓர் இரவு வைத்தேன். திருகி 4 என்று காட்டினாலும் மேல்தட்டு 7 முதல் 9 டிகிரி வரை ஏறி இறங்கியது; கீழ்த்தட்டின் பின்மூலை மட்டும் 3.8இல் நின்றது. அந்த மூலைக்கு மாற்றி, நான்காம் தொகுதியை 48 மணி நேரம் வைத்தேன். 0.5. வெப்பமானி பிற்பாடு பயன்பட்டது. ஆனால் அப்போது நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

திருப்பம் ஒரு மாலையில், ஆய்வகத்தில் அல்ல, சமையல் மேடையில் நேர்ந்தது. மருந்துக்கடையில் 4 வெள்ளிக்கு வாங்கிய போவிடோன் அயோடினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் விட்டு நீர்த்துக்கொண்டேன். சவர பிளேடால் ஒரு கருப்பரிசியைக் குறுக்கே அறுத்தேன். வெளியே மெல்லிய கருஞ்சிவப்பு வளையம், உள்ளே சுண்ணாம்புபோல் வெண்மை. பக்கத்தில் ஓர் இட்லி அரிசியையும் அறுத்து வைத்து, இரண்டின் மீதும் குச்சி முனையால் ஒரு சொட்டு விட்டேன். இட்லி அரிசியின் வெட்டுமுகம் எண்ணி ஐந்து நொடிக்குள் மைபோல் கருநீலமானது. கருப்பரிசியின் வெண்மை செங்கல் பொடியின் நிறத்துக்கு மாறி, அப்படியே நின்றது. இன்னும் ஆறு மணிகளை அறுத்துப் பார்த்தேன், எல்லாம் செம்பழுப்பு.

கருநீலம் அமைலோஸின் அடையாளம். செம்பழுப்பு, கிளைத்த அமைலோபெக்டின் மட்டுமே இருக்கிறது என்பதன் அடையாளம். குளிர்ந்ததும் விரைவாக ஒன்றையொன்று தழுவி, நொதிக்கு வழிவிடாத படிகமாக இறுகுவது நேர்ச்சங்கிலியான அமைலோஸ். நான் வாங்கிய அரிசியில் அது அநேகமாக இல்லவே இல்லை. அமைலோபெக்டினும் குளிரில் இறுகும், ஆனால் மெதுவாக. அப்படி இறுகியதும் சூடாக்கினால் எளிதில் இளகிவிடும். ஒட்டும் என்று அத்தை முதல் நாளே சொன்னது இதைத்தான். இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனை. அதைச் செய்யாமல் ஐந்து வாரமும், இரண்டரைக் கிலோ அரிசியும், ஆய்வகத்தின் நொதியில் கணிசமான பங்கும் செலவழித்தேன் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அத்தையிடம் போய்ச் சொன்னேன். "அப்ப இட்லி அரிசியைச் சேர்த்து ஆட்டேன்" என்றார்கள்.

அங்கிருந்து வேலை வேகம் பிடித்தது. என் தாய்வழி பொள்ளாச்சி. அங்கே சந்தகைக்கு அரிசியைப் பொடிப்பதில்லை. புழுங்கல் அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக ஊற்றி அவித்து, சூட்டோடு நாழியில் இட்டுப் பிழிவார்கள். மாவுச்சத்து முழுமையாக வெந்து கூழான பிறகே இழையாகிறது. வெந்து விரிந்த அமைலோஸ்தான் குளிரில் மறுபடி இறுகும் என்பதால் எனக்கு வேண்டியதும் இந்த வரிசைதான். மிக்ஸியில் பொடிக்கும்போது மாவு 58 டிகிரி வரை சூடேறியதை முன்பே அளந்திருந்தேன். கிரைண்டரில் 34ஐத் தாண்டவில்லை. நிறமிக்கும் அது நல்லது.

ஐந்தாம் தொகுதியில் கருப்பரிசியும் இட்லி அரிசியும் பாதிக்குப் பாதி. இழை வந்தது, ஆனால் தட்டில் ஒட்டிக்கொண்டது. ஐந்துக்கு ஒன்று என்று கருப்பரிசியைக் குறைத்தபோது இழை மிக நன்றாக இருந்தது, நிறம் வெளிறிவிட்டது. பத்துக்கு மூன்றில் நின்றேன்: 90 கிராம் கருப்பரிசி, 210 கிராம் இட்லி அரிசி. ஒட்டரிசி சிறிதளவு இருப்பது இழைக்கு ஒரு நெகிழ்வைத் தருகிறது. முழுக்க இட்லி அரிசியில் செய்த ஒப்பீட்டுத் தொகுதி மறுநாள் தொட்டாலே முறிந்தது.

ஏழாம் தொகுதியில் ஒரு தவறான குறுக்குவழியை முயன்றேன். அவித்த இட்லிகளையே ஒரு நாள் குளிரவைத்துப் பிறகு பிழிந்தால் தட்டு அடைக்கும் இடம் மிச்சமாகுமே என்று நினைத்தேன். இறுகிய மாவு அசையவில்லை. பலம் கொடுத்ததில் திருகு நாழியின் மரை வழுக்கி வீணானது. புதிய நாழி 24 வெள்ளி. அவித்த மாவு 70 டிகிரிக்குக் கீழே போவதற்குள் பிழிந்தாக வேண்டும். இப்போது நான்கு இட்லிகளாக மட்டும் எடுத்து, மீதியை மூடிய பாத்திரத்தில் ஆவியிலேயே விட்டுவைக்கிறேன்.

இனி நிறத்தின் கதை. அரிசி ஊறிய கருஞ்சிவப்பு நீரைக் கழுவுதொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்தால்தானே தெரியும். அளக்கும் முறை நிறமியின் இயல்பையே பயன்படுத்துவது: ஆந்தோசயனின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 1.0இல் நன்றாகச் சிவந்து, 4.5இல் பெரும்பாலும் நிறம் இழக்கும். இரண்டு தாங்கல் கரைசல்களிலும் 520, 700 நானோமீட்டரில் அளந்து வேறுபாட்டை எடுக்க வேண்டும். ஒரு கிராம் அரிசி மாவை அமிலம் சேர்த்த மெத்தனாலில் 20 மில்லிலிட்டராகச் சாறெடுத்துப் பத்து மடங்கு நீர்த்ததில் வேறுபாடு 0.476, கருப்பரிசியின் முதன்மை நிறமியான சயனிடின்-3-குளுக்கோசைடின் மூலக்கூறு எடை 449.2, ஒளி உட்கவர் கெழு 26,900 என்று இட்டால் லிட்டருக்கு 79.5 மில்லிகிராம், அதாவது கிராம் அரிசிக்கு 1.59 மில்லிகிராம். முதல் முறை 700இல் எண் உயர்ந்து நின்றது. மாவுச்சத்துத் துகள் மிதந்து ஒளியைச் சிதறடித்திருந்தது. மையவிலக்கியில் இரண்டாம் முறை சுற்றியதும் தெளிந்தது.

கழுவிய நீரிலும் ஊறிய நீரிலுமாக, மொத்த நிறமியில் ஆறில் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது. எனவே கருப்பரிசியைத் தனியாக, ஒரே முறை விரைந்து அலசி, 135 மில்லிலிட்டர் நீரில் மட்டும் நான்கு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீர் முழுவதையும் கிரைண்டரில் விட்டேன். எங்கள் வீட்டுக் குழாய்நீரின் பி.எச். அளந்தபோது 8.1, இந்த நிறமி விரும்புவது அமிலத்தை. ஊறும் நீரில் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம் என்று தோன்றியது. எலுமிச்சைச் சேவை நாம் காலங்காலமாகச் சாப்பிடுவதுதான், புளிப்பு அந்நியமாக இருக்காது. எட்டாம் தொகுதியில் 15 மில்லிலிட்டர் விட்டேன், மாவின் பி.எச். 4.1க்கு இறங்கி, சந்தகை செம்பருத்திப் பூவின் நிறத்தில் வந்தது. "ஏம்மா, பீட்ரூட் போட்டியா?" என்று கேட்டுவிட்டு, அத்தை ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, அவ்வளவு புளிப்பு. 5 மில்லிலிட்டருக்குக் குறைத்தேன். மாவு 5.0, நிறம் நாவற்பழத்தின் ஊதா, புளிப்பு தேடினால் மட்டும் தெரிந்தது.

பத்துக்கு மூன்று என்ற கலவையில் நிறமி சிறிதும் அழியாவிட்டால் உலர் எடையில் நூறு கிராமுக்கு 48 மில்லிகிராம் இருக்க வேண்டும். பழைய முறையில், நீரைக் கொட்டி, எலுமிச்சை இல்லாமல் அவித்ததில் 17. புதிய முறையில் 28. அவிக்கும் சூட்டில் போவதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அவிக்கும் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 11 ஆகக் குறைத்தது சிறிது உதவியது. அதற்குக் கீழே போனால் நடுவில் வேகாத வெண்புள்ளி தெரிகிறது, நாழியும் அடைக்கிறது.

கடைசிக் கட்டம் குளிர்வித்தல். இதில் அக்கறை வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைப்பவை. 31 டிகிரிச் சமையலறையில் வெந்த அரிசியை மணிக்கணக்கில் திறந்து வைப்பது அவற்றுக்கு அழைப்பு விடுப்பதாகும். இழைகளை ஒரு விரற்கடைக்கு மேல் தடிக்காமல் தட்டில் பரப்பி, மேசை விசிறியின் கீழ் 20 நிமிடம் ஆறவிட்டு, உடனே மூடி, 3.8 டிகிரி மூலையில் வைத்தேன். ஒன்பதாம் தொகுதியை மூடாமல் வைத்ததில் மேல் இழைகள் உலர்ந்து கம்பியாகிவிட்டன. ஆவியில் வைத்தும் மீளவில்லை.

பத்தாம், பதினோராம் தொகுதிகளில் எண்கள் ஒத்துவந்தன: சூடாகப் பிழிந்ததும் 0.9, குளிரில் 24 மணி நேரத்துக்குப் பின் 2.1, ஆறு நிமிடம் ஆவியில் மறுபடி சூடாக்கியபின் 1.9. இறுகிய அமைலோஸ் உருக நூறு டிகிரிக்கும் வெகு மேலே போக வேண்டும் என்பதால், சாதாரண ஆவி அதைக் குலைப்பதில்லை. வெள்ளைச் சோற்றைக் கொண்டு இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட எண்களும் இதே திசையில் உள்ளன: புதிதாக வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு 0.64 கிராம், 4 டிகிரியில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியதில் 1.65.

1.9 கிராம் பெரிய அளவல்ல. மீதி மாவுச்சத்தில் பெரும்பங்கு வழக்கம்போலச் செரிக்கும். யாருடைய இரத்தச் சர்க்கரையையும் நான் அளக்கவில்லை. அத்தை சாப்பிடும் அளவையோ மாத்திரையையோ இதனால் மாற்றவில்லை, மாற்றவும் விடமாட்டேன். வெள்ளை இடியாப்பத்தின் இடத்தில் அவர்கள் விரும்பி உண்ணும் ஒன்று கிடைத்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான நிறைவு.

கையிலிருந்து செலவானது 121 வெள்ளி. அரிசி இரண்டு வகையும் 41, வெப்பமானி 38, நாழி 24, எலுமிச்சையும் அயோடினும் 9, மாதிரிகளை உறையவைக்கச் சிறு டப்பாக்கள் 9. நொதிகளும் வினைபொருள்களும் ஆய்வகத்தில் முந்தைய வேலையின் மீதத்திலிருந்து, அனுமதி பெற்று எடுத்தவை. அவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் வீட்டு முயற்சியாக இதைத் தொடங்கியிருக்க மாட்டேன்.

அடுத்த முறை ஒட்டாத வகைக் கருப்பரிசியைத் தேடிப் பார்ப்பேன். அயோடினில் நீலம் காட்டும் கருப்பரிசி கிடைத்தால் அதன் பங்கைப் பத்துக்கு ஐந்தாக உயர்த்த முடியும், நிறமியும் அதற்கேற்பக் கூடும். சிராங்கூன் சாலைப் பகுதியான தேக்காவில் கேட்டால் எந்தக் கடைக்காரரும் பத்து மணி அரிசியைத் தர மறுப்பதில்லை. மூட்டை வாங்குவதற்குமுன் அறுத்துப் பார்க்க அது போதும். குளிர்விக்கும் நேரத்தை 6, 12, 24 மணி என்று பிரித்து அளக்க வேண்டும். இரவு பிழிந்து காலையில் சூடாக்கினால் போதுமென்றால் வீட்டில் இதைத் தொடர்ந்து செய்ய முடியும். அதற்கான மூன்று டப்பாக்களை அத்தையே தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறார்கள்.